ரெஹேமா வீட்டு வாசலில் போட்ட கோலம்

என் தங்கை பொன்மணி இப்போது சைதாப்பேட்டையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுபோன பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய், பெற்றோரிடம் பேசி, மறுபடி பள்ளியில் சேர்ப்பது அவள் வேலை. காலையில் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு அவள் கிளம்பும்போது நான் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"தெனம் இன்னாக்கா பாக்குற, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி" என்பாள்.

பார்க்காமல் என்ன செய்வது? அந்த அட்டை அவள் கழுத்துக்கு வராமலே போயிருக்கும். அது வந்ததற்கு நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் முக்கியமான ஒருவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. அவர் ஆப்பிரிக்காவில், தான்சானியா நாட்டில், ஒரு சின்னக் கிராமத்தில் இருக்கிறார். பெயர் ரெஹேமா.

எங்கள் அப்பா பெயர் மண்ணாங்கட்டி. அவருக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காததால் வைத்த பெயர் அது. கோட்டூர்புரத்தில் அடையாற்றின் கரையோரம் எங்கள் வீடு இருந்தது. அப்பா மூட்டை தூக்கினார். அம்மா மயிலாப்பூரில் சில வீடுகளில் பாத்திரம் தேய்த்தார். அம்மா தவறிப்போனபோது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். பொன்மணி கைக்குழந்தை. அதோடு நான் பள்ளிக்குப் போகவில்லை. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு தையல் கற்றுக்கொண்டேன். முதலில் கொக்கி தைத்தேன், பிறகு பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்தேன், பிறகு மெஷினில் உட்கார்ந்தேன். இன்றுவரை தியாகராய நகரில் அப்துல் கஃபார் பாய் கடையில்தான் இருக்கிறேன். ரவிக்கைதான் எங்கள் வேலை. கழுத்து அரை நூல் இறங்கினாலும் பாய் பிரிக்கச் சொல்லிவிடுவார். எனக்கும் அதுதான் பிடிக்கும்.

ஆற்றோர வீடுகளை எடுத்தபோது எங்களுக்கு ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தார்கள். அப்பா அங்கே போனார். பொன்மணி அப்போது எட்டாவது படித்தாள். எட்டாவது என்றாலே எனக்கு ஒரு பயம். பள்ளி மாறினால் இவளும் நின்றுவிடுவாள் என்று தோன்றியது. ஆழ்வார்பேட்டையில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையை வாடகைக்குப் பிடித்து அவளை என்னோடு வைத்துக்கொண்டேன். அறையில் நிமிர்ந்து நிற்க ஒரு பக்கம்தான் இடம் இருக்கும். அந்தப் பக்கத்தில் நான் தைப்பேன், சாய்வான பக்கத்தில் அவள் உட்கார்ந்து படிப்பாள். பன்னிரண்டாவதில் வகுப்பிலேயே மூன்றாவதாக வந்தாள். கல்லூரிக்குப் போனாள். அதற்கு மேல் சமூகப்பணி என்று ஒரு படிப்பு இருக்கிறது என்று அவளே கண்டுபிடித்து அதிலும் சேர்ந்தாள்.

அந்தப் படிப்பின் கடைசியில் மூன்று மாதம் ஏதாவது ஓர் ஊரில் தங்கி மக்களோடு வேலை செய்ய வேண்டும். பயிற்சிக் காலம் என்பார்கள். அதை முழுதாக முடித்தால்தான் பட்டம். அந்த வருடம் வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று இரண்டு பேரைத் தன் செலவில் தான்சானியாவுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தது. பொன்மணியையும் அவளுடைய சிநேகிதி மஹதியையும் தேர்ந்தெடுத்தார்கள்.

மஹதி மயிலாப்பூர்ப் பெண். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பம். அவள் அப்பா ராஜகோபாலன் சார்தான் இரண்டு பேரையும் காரில் விமான நிலையத்துக்கு அழைத்துப் போனார். என்னையும் முன் சீட்டில் உட்காரவைத்தார். வழி முழுக்க நான் பின் சீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கிண்டியில் சார், "பொண்ணு ஆத்துல இல்லேன்னா எனக்கும் ஒண்ணும் ஓடாதும்மா. நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த ஊரில் அவர்களுக்கு இரண்டு வேலை. தொடக்கப் பள்ளியோடு நின்றுவிட்ட பெண்பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கும் கொஞ்சம் ஆங்கிலமும் சொல்லிக் கொடுப்பது ஒன்று. வீடு வீடாகப் போய், அந்தப் பெண்களை வகுப்புக்கு அனுப்பும்படி பெற்றோரிடம் பேசுவது இன்னொன்று. அந்த ஊர் வாத்தியார் ஜுமா என்பவர் கூடவே வந்து, இவர்கள் ஆங்கிலத்தில் சொல்வதை அவர்கள் மொழியில் சொல்லுவார்.

போன் கிடைப்பது கஷ்டம். ஜுமா வாத்தியார் வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஏறினால்தான் சிக்னல். பொன்மணி அங்கே நின்றுகொண்டு எனக்கு எல்லாவற்றையும் சொல்லுவாள். மண் செக்கச்செவேல் என்று இருக்குமாம். எங்கே பார்த்தாலும் மக்காச்சோளமாம். அந்த மாவில் களி கிண்டிக் கீரையோடு தருவார்களாம். அம்மா வயதுப் பெண்களை 'மாமா' என்று கூப்பிட வேண்டுமாம். "மாமான்னா அங்க அம்மாக்கா. மொத நாளு மஹதிக்கு வாயே வரல" என்று சிரித்தாள்.

முதலில் யாரும் பிள்ளைகளை அனுப்பவில்லை. பொன்மணி பேசுவதை நிறுத்திவிட்டு, சோளம் உதிர்க்கும் பெண்களோடு உட்கார்ந்து உதிர்க்க ஆரம்பித்தாள். இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வேலை நடக்கும் இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது, அவ்வளவுதான். ஒவ்வொருவராகப் பெண்களை அனுப்பினார்கள். ரெஹேமா கடைசியில்தான் அனுப்பினார். ஊர்ப் பெண்களுக்கு அவர் சொல்தான் சொல். அவருடைய மகள் ஸைனபு வந்த அன்று பொன்மணி மேட்டில் ஏறி எனக்குப் போன் செய்தாள். அன்று பாய் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அப்புறம் பொங்கல் வந்தது.

பொங்கலுக்கு முந்தின நாள் மஹதி, "பொங்கலும் அதுவுமா வாசல் வெறிச்சோடிக் கிடக்கலாமாடி? நம்ம கொழந்தைகள் ஆத்து வாசல்லயெல்லாம் கோலம் போட்டுண்டு வந்துடலாம்" என்றாளாம். பொன்மணிக்கும் ஆசை. பிள்ளைகளை அனுப்பியதற்கு அந்த வீடுகளுக்கு எப்படி நன்றி சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டுதான் இருந்தாள். வகுப்பில் தேய்ந்துபோன சாக்பீஸ் துண்டுகளையெல்லாம் சேர்த்து இடித்து மாவாக்கினார்கள். ஊர்ச் செம்மண்ணைக் கரைத்துக் காவியாக வைத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் போடுவது சாதாரணப் புள்ளிக்கோலம். மஹதி வீட்டில் விசேஷ நாளில் படிக்கோலம் போடுவார்கள். சதுரமாக, அடிக்கோல் வைத்த மாதிரி ஜோடி ஜோடியாக நேர்க்கோடு இழுத்து, சுற்றிலும் காவி தீட்டுவது. அதுதான் கம்பீரமாக இருக்கிறது என்று பொன்மணி மஹதியிடம் கற்றுக்கொண்டு, விடிவதற்குள் எல்லா வீட்டு வாசலிலும் இரண்டு பேருமாகப் போட்டு முடித்தார்கள். இருப்பதிலேயே பெரியது ரெஹேமா வீட்டு வாசலில் இவள் போட்டது. படம் எடுத்து அனுப்பியிருந்தாள். ஒரு கோடு கோணலில்லை. நான் அதைக் கடையில் வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினேன்.

அன்று மாலை வகுப்புக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அடிகுழாய்க்குப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ரெஹேமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோலங்கள் பாதிக்கு மேல் சாம்பல் போட்டுத் தேய்க்கப்பட்டிருந்தன. ஜுமா வாத்தியார் கூட இரண்டு நாள் ஒதுங்கியே இருந்துவிட்டு, பிறகு வந்து ஒரே கேள்வி கேட்டாராம். யாருக்காக வீடுகளை அளந்தீர்கள்?

பக்கத்து ஊருக்குச் சில வருடம் முன்பு ஒரு தோட்டக் கம்பெனி வந்திருக்கிறது. முதலில் அவர்களும் பள்ளிக்கூடம் கட்டித் தருவதாகத்தான் சொன்னார்களாம். பிறகு ஒரு நாள் விடிகாலையில் ஆட்கள் வந்து, சில வீட்டு வாசல்களில் சுண்ணாம்பால் சதுரம் இழுத்து, ஓரத்தில் சிவப்புச் சாயம் தடவிவிட்டுப் போனார்கள். அந்த வீடுகள் இப்போது இல்லை. அங்கே குடியிருந்தவர்களில் ரெஹேமாவின் அக்காவும் ஒருவர்.

இவர்கள் நன்றி என்று போட்டது அங்கே நோட்டீஸாகப் போய்விட்டது.

அறக்கட்டளை ஆளுக்குச் சேதி போனது. அவர் பெரிய ஊரில் இருந்தார். மக்கள் வேண்டாம் என்ற இடத்தில் யாரையும் வைத்திருக்க முடியாது, அந்த வாரக் கடைசிக்குள் வகுப்பு நடக்காவிட்டால் இருவரையும் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று சொல்லிவிட்டார். பாதியில் திரும்பினால் பட்டம் இல்லை. பொன்மணி எனக்குப் போன் செய்து இவ்வளவையும் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தைரியமாக இருந்திருக்கும். "நீ இத்தினி வருஷம் தைச்சதெல்லாம் வீணாக்கிட்டேன்க்கா" என்று மட்டும் சொன்னாள். லைன் போய்விட்டது.

அதற்குப் பிறகு அவள் செய்ததை எனக்கு அப்புறம்தான் சொன்னாள். மறுநாள் காலை மஹதியோடும் ஜுமா வாத்தியாரோடும் ரெஹேமா வீட்டுக்குப் போய், வாசலைத் தாண்டாமல் வெளியிலேயே நின்றிருக்கிறாள். எங்கள் ஊரில் இதைப் பெண்கள் தங்கள் வீட்டு வாசலில் தினமும் போடுவார்கள் என்றாள். ரெஹேமா கேட்டுக்கொண்டே பானை கழுவினார். மஹதி தன் போனில் இருந்த படங்களைக் காட்டினாள். படம் யார் வேண்டுமானாலும் காட்டலாம் என்றார் ரெஹேமா. கடைசியில் பொன்மணி, எங்கள் வீட்டிலும் ஒரு நாள் அடையாளம் போட்டார்கள், எங்கள் வீடும் இப்போது இல்லை என்று சொன்னாள். இத்தனை வருடப் பழக்கத்தில் மஹதியிடம்கூட அவள் சொல்லாத விஷயம் அது.

ரெஹேமா பானையைக் கீழே வைத்தார். இங்கே வருகிறவர்கள் எல்லோரும் நானும் உன்னை மாதிரிதான் என்று சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள் என்றார். பிறகு, உன் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அக்கா என்றாள். கூப்பிடு என்றார். நீ வாயைத் திறக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

ஊர்ப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு எல்லோரும் மேட்டுக்கு நடந்தார்கள். அங்கே காலை நேரம். இங்கே கடையில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. தை மாத முகூர்த்தம், ரவிக்கை வாங்க வந்தவர்கள் வாசல் வரை நின்றார்கள். மயிலாப்பூரிலிருந்து வந்த ஹம்சா மாமி, சொன்ன தேதிக்குத் தைக்கவில்லை என்று பாயை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் என் போனில் வீடியோ கால்.

திரையில் நிறையப் பெண்கள் தெரிந்தார்கள். பொன்மணி ஓரத்தில் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மஹதி அவசர அவசரமாக விஷயத்தைச் சொல்லி, "அக்கா, இப்பவே ஒரு கோலம் போடணும். இவா பார்க்கணும்" என்றாள்.

நான் பாயைப் பார்த்தேன். அவர் துணியில் குறிக்கும் சாக்கட்டிகளை ஒரு பிடி அள்ளிக் கொடுத்தார். "பாய் கடை வாசல்ல கோலமா, எங்க தெருவுல சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டான்" என்று சொல்லிக்கொண்டே கூட்டத்தை ஒதுக்கிவிட்டார். நான் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, நடைபாதையில் குந்தி, எனக்குத் தெரிந்த புள்ளிக்கோலத்தைப் போட்டேன். போட்டு முடித்ததும் ரெஹேமா ஏதோ சொன்னார். ஜுமா வாத்தியார் ஆங்கிலத்தில் சொல்ல, மஹதி என்னிடம் சொன்னாள்.

"இது இல்லையாம்க்கா. கோடு கோடா சதுரமா இருந்ததே, அது."

எனக்குப் படிக்கோலம் வராது. அம்மா வேலை பார்த்த வீட்டு வாசல்களில் பார்த்ததோடு சரி. இழுத்துப் பார்த்தேன். ஜோடிக்கோடு ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டது. அழித்துவிட்டு மறுபடி இழுத்தேன். அப்போது என் தோளில் ஒரு கை விழுந்தது. ஹம்சா மாமி.

"தள்ளிக்கோ. இழை இப்படியா இழுப்பா? பார்க்கச் சகிக்கலை."

மாமிக்கு விஷயம் ஒன்றும் தெரியாது. கோணல் கோடு பொறுக்கவில்லை, அவ்வளவுதான். பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மளமளவென்று இழுத்தார். ஓரத்துக்குக் காவி வேண்டும் என்றார். பாய் சிவப்புச் சாக்கட்டியைத் தேடி எடுத்து நீட்டினார். முழங்கால் வலிக்கிறது என்று முனகிக்கொண்டே முடித்து எழுந்து, "இப்பவாவது என் ரவிக்கை கிடைக்குமா?" என்று கேட்டார்.

மேட்டில் இருந்த பெண்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள். அதற்குள் நடைபாதையில் போகிறவர்கள் கோலத்தை மிதித்துக்கொண்டு போனார்கள். ஒரு தள்ளுவண்டிக்காரர் நடுவில் உருட்டிக்கொண்டே போய்விட்டார். அழிகிறதே, யாரும் கோபப்படவில்லையா என்று ரெஹேமா கேட்டார். நாளைக்கு வேறு போடுவோம் என்றேன். அவர் யோசித்தார். இன்னும் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. நேராக என்னைப் பார்த்து, உன் வீட்டில் அடையாளம் போட்டார்களா என்று கேட்டார். போட்டார்கள் என்றேன். எங்கே? கதவில். என்ன மாதிரி? பெயின்ட்டில் நம்பர்.

அப்புறம் ஜுமா வாத்தியார் கேட்டதை மஹதி சொல்லும்போது அவள் குரல் இறங்கியிருந்தது. "அதைப் பார்த்ததும் நீங்க என்ன பண்ணேள்னு கேக்கறா, அக்கா."

இதைப் பொன்மணிக்கே நான் சொன்னதில்லை. அவள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

"மண்ணெண்ண தொட்டுத் தேய்ச்சேன்" என்றேன். "போவல. தோசக் கரண்டியால சொரண்டினேன். கதவே பேந்துச்சு. மறுநாளு வந்து, சொவத்துல போட்டுட்டுப் போனாங்க."

மஹதி சொல்ல, ஜுமா சொன்னார். ரெஹேமா தன் இரண்டு கைகளையும் திரைக்கு முன்னால் விரித்துக் காட்டினார். விரல்களில் தோல் உரிந்திருந்தது. சாம்பலும் செங்கல் பொடியும் போட்டு நான் இரண்டு நாளாகத் தேய்த்தேன் என்றாராம். பிறகு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. பாய் போனைப் பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டார்.

கடைசியாக ரெஹேமா ஒரு விஷயம் சொன்னார். மஹதி அதை வார்த்தைக்கு வார்த்தை சொன்னாள்.

"உன் தங்கச்சி நல்ல பொண்ணு. ஆனா கேக்காம ஒருத்தர் வாசல்ல கை வைக்கக் கூடாது. படம் வேண்டாம். பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கட்டும்."

சரிம்மா என்றேன். என் தங்கை சார்பில் மன்னிப்பும் கேட்டேன்.

பொன்மணியும் மஹதியும் அன்று பகல் முழுதும் துடைப்பமும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, கோலம் போட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் போனார்கள். முதலில் மன்னிப்புக் கேட்டார்கள், பிறகு அனுமதி கேட்டார்கள், பிறகு மிச்சம் இருந்ததைக் கழுவினார்கள். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. ஒரு கிழவர் திட்டித் தீர்த்துவிட்டு வேர்க்கடலை கொடுத்தாராம்.

அவளுக்குச் சாதகமாக நடந்தது என்பதால் மட்டும் நான் ரெஹேமாவுக்கு நன்றி சொல்லவில்லை. தன் அக்கா வீடு போன பிறகு, ஊர் பெயர் தெரியாத ஒரு பெண்ணை நம்பாமல் இருக்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அப்படியும் பானையைக் கீழே வைத்துவிட்டு, மேடு ஏறி வந்து, இன்னொரு அக்காவிடம் விசாரித்தார். வீட்டுக்கு நம்பர் போட்டவர்கள் எங்களிடம் இப்படி உட்கார்ந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஹம்சா மாமிக்கு அன்றே ரவிக்கையைத் தைத்துக் கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னதும், "முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் நன்னா போட்டிருப்பேனே" என்று வருத்தப்பட்டார்.

வாரக் கடைசிக்கு ஒரு நாள் இருந்தது. அன்று முகூர்த்த வேலை முடியாமல் நாங்கள் விளக்குப் போட்டும் தைத்துக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. வீடியோ இல்லை, குரல் மட்டும். பொன்மணி மேட்டில் நின்று போனை வகுப்பின் பக்கம் நீட்டிப் பிடித்திருந்தாள் போல. கீழே பிள்ளைகள் கூட்டமாக வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. எந்த மொழியில் சொன்னாலும் வாய்ப்பாட்டின் ராகம் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து அவள் மெதுவாகச் சொன்னாள். மூன்று பிள்ளைகள் இன்னும் வரவில்லை, மற்றவர்கள் வந்துவிட்டார்கள். ரெஹேமா ஸைனபுவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து உள்ளே விட்டுவிட்டு, வகுப்பு முடியும்வரை வெளியே கல்லில் உட்கார்ந்திருக்கிறார்.

"நீ போய்ப் பாடம் எடு, போன வை" என்று சொல்லிவிட்டு மெஷினில் உட்கார்ந்தேன். ஊசியில் நூல் கோக்க வரவில்லை. நாலு தடவை முயன்றேன். எதிர் மெஷினிலிருந்து பாய் எழுந்து வந்து, என் முகத்தைப் பார்க்காமல் நூலை வாங்கிக் கோத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.